நட்சத்திரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது

எங்கள் வட்டாரத்து நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: மின்ட் மார்க்கை, அதாவது நாணயச் சாலைக் குறியை, புரிந்துகொள்வது எப்படி. இப்போதெல்லாம் கைப்பேசியில் படம் எடுத்தால் எந்த ஊர் நாணயச் சாலையில் அடித்த காசு என்று அதுவே சொல்லிவிடுகிறது. விலை உயர்ந்த காசு என்றால் வெளியூருக்கு அனுப்பி, தரம் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து வாங்கிவிடுகிறார்கள். அப்படியிருக்க என்னிடம் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க முப்பத்தோரு வருஷம் வெறுங்கண்ணுல பாத்தவங்க மேடம்" என்றார் செயலாளர்.

வெறுங்கண் இல்லை, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ். அதைத் திருத்திவிட்டு ஒப்புக்கொண்டேன்.

புரிந்துகொள்ள வேண்டியது உண்மையில் நான்கு வரிதான். நம் நாட்டுக் காசில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. சின்ன வைர வடிவம் இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத். உருண்டையான புள்ளி நொய்டா. பழைய காசுகளிலும், வெளிநாட்டில் அடித்து வந்தவற்றிலும் வேறு குறிகள் உண்டு. அவற்றுக்குப் புத்தகம் இருக்கிறது. குறி இருப்பதாலேயே காசுக்கு மதிப்பு வந்துவிடாது. எந்த ஆண்டில், எந்தச் சாலையில், எவ்வளவு குறைவாக அடித்தார்கள் என்பதுதான் கணக்கு. நட்சத்திரம் போட்ட காசெல்லாம் லட்சம் பெறும் என்று வீடியோ போடுகிறவர்களை நம்பி யாரும் முன்பணம் கட்டிவிடாதீர்கள். வாரத்துக்கு ஒருவராவது அப்படி ஏமாந்துவிட்டு எனக்கு போன் செய்கிறார்.

இனி நான் சொல்ல நினைத்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் செல்வராணி. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா பேத்துப்பாறையில் கூலி வேலை செய்தார். நான் கொடைக்கானலில் பள்ளிப்படிப்பை முடித்துத் தட்டச்சும் கற்றுக்கொண்டேன். ஏழு ரோடு சந்திப்பிலிருந்து ஏரிப் பக்கம் இறங்கும் சரிவில் ஒரு வீட்டில் தட்டச்சுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே இருந்தவர் தேவசகாயம் சார். ரயில்வேயில் வேலை பார்த்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு மலைக்கு வந்தவர். மக்களிடமிருந்து பழைய காசுகளை வாங்கி வைத்து, வருடத்துக்கு மூன்று முறை பட்டியல் அச்சடித்து, நாடு முழுவதும் உள்ள சேகரிப்பாளர்களுக்குத் தபாலில் அனுப்புவார். அவர்களும் தபாலில் விலை கேட்பார்கள். யார் அதிகம் கேட்டாரோ அவருக்குக் காசு போகும்.

காசைப் பார்க்காமலேயே வாங்குகிறார்கள் என்பதை நான் புரிந்துகொள்ள ஆறு மாதமானது. அவர்கள் வாங்குவது பட்டியலில் இருக்கும் வரியை. அந்த வரி பிசகினால் கடையே இல்லை.

தட்டச்சுக்குப் போன என்னை, கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி லென்ஸ் பக்கம் மாற்றினார். பயிற்சி என்று பெரிதாக இல்லை. ஒரு வருடம் மலிவான காசுகளாகக் கொடுத்தார், நான் எழுதினேன், அவர் தவறான வரிகளைக் கோடு போட்டு அடித்தார். அந்த வருடத்தில் ஒன்றே ஒன்று நினைவிருக்கிறது. தேய்ந்த ஒரு ரூபாய்க் காசுக்கு, "வைரக்குறி இருப்பதாகத் தெரிகிறது" என்று எழுதியிருந்தேன். சார் கூப்பிட்டார்.

"செல்வராணி, இருக்கா இல்லையா?"

"இருக்குற மாதிரி தெரியுது சார்."

"மாதிரிய யாரும் காசு குடுத்து வாங்க மாட்டாங்க. நினைக்கிறது ஃப்ரீ. பாக்குறதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம். பாத்தத மட்டும் எழுதுங்க. பாக்க முடியலன்னா, பாக்க முடியலன்னு எழுதுங்க. அதுல வெக்கமே இல்ல."

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் கேட்டதில்லை. என் வரியைத் திருத்தாமல் அச்சுக்கு அனுப்பினால் அது சரியாக இருக்கிறது என்று பொருள். என்னை ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. நான் கூலிக்காரர் மகள் என்பது அவருக்குத் தெரியும். அது அந்த வீட்டுக்குள் ஒருமுறைகூடப் பேச்சாக வந்ததில்லை.

எங்கள் முறை இது. காசை விளிம்பில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். வடக்கு ஜன்னலருகே, கறுப்புத் துணி விரித்த மேசையில், பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்க்க வேண்டும். ட்யூப் லைட்டில் உலோகம் பளிச்சிட்டுக் கண்ணை ஏமாற்றும். முதலில் குறியைப் பார்க்காமல் அதைச் சுற்றியுள்ள சமதளத்தைப் பார்க்க வேண்டும். அசல் குறி, காசு அடிக்கும்போதே எழும்பி வருவது. அதன் அடிவாரத்தில் உலோகம் வழுவழுவென்று ஏறும். பிற்பாடு ஒட்டிய குறிக்கு அடியில் நூல்போல ஒரு கோடு ஓடும். குறியைச் சுரண்டி எடுத்திருந்தால், காசைச் சாய்க்கும்போது அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு அறுந்து நிற்கும். காலையில் ஒருமுறை பார்த்து ஒரு சீட்டில் எழுதி மூடிவைத்துவிட்டு, மதியம் முதல் சீட்டைப் பார்க்காமல் மறுபடி பார்த்து எழுத வேண்டும். இரண்டு சீட்டும் ஒத்துப்போனால்தான் பட்டியலுக்குப் போகும்.

இதோடு என் பழக்கம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். காசு அடிக்கும் இரும்பு அச்சில் குறியை அந்தக் காலத்தில் தனியாகக் கையால் பதித்திருக்கிறார்கள் என்று சார் சொல்லியிருந்தார். அப்படியானால் அச்சுக்கு அச்சு குறி கொஞ்சம் தள்ளியும் சாய்ந்தும் இருக்கும் அல்லவா? அதனால் குறி இருக்கிறது என்பதோடு நிற்காமல், எந்த எண்ணுக்குக் கீழே, எந்தப் பக்கம் சாய்ந்து என்றும் எழுத ஆரம்பித்தேன். வரி நீண்டது. அச்சுச் செலவு கூடியது. சார் ஒரு பட்டியல் முழுக்க அதைப் படித்தார், அடிக்கவில்லை. அவ்வளவுதான் அனுமதி.

நான் சேர்ந்து பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆன பிறகு, ஒரு ஐப்பசியில் பூண்டி கிராமத்திலிருந்து பேச்சியம்மாள் என்றொரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். கணவர் இல்லை. முக்கால் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து மலைப்பூண்டு போட்டுக்கொண்டிருந்தார். சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஆறேழு காசுகளை மேசையில் அவிழ்த்தார்.

"எங்கப்பா பஸ் கண்டக்டருங்க. புதுசா பளபளன்னு காசு வந்தா அதத் தனியா எடுத்து வச்சுக்கிட்டு, அதுக்குப் பதிலா தன் பணத்தப் பையில போட்டுருவாரு. ஒரு டப்பா நெறைய கெடக்கு. வித்தா எதுனா கெடைக்குமாக்கா?"

"தேய்ச்சீங்களா?" என்று கேட்டேன். நிறையப் பேர் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்து காசைக் கெடுத்துவிடுவார்கள்.

"டப்பால இருந்ததுல பாதிய எங்கண்ணன் தேச்சுப்புட்டாரு. இதையும் தேச்சுட்டுப் போன்னாரு. எனக்குக் காட்டுல சோலி கெடந்துச்சு, தேய்க்கல."

அந்தக் காசுகளில் ஒன்று ஐம்பது காசு. அதன் ஆண்டை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த மாதமே அந்த ஆண்டு போட்ட காசுகள் நட்சத்திரம் ஒட்டி வர ஆரம்பிக்கும். அந்த ஆண்டில் ஹைதராபாத்தில் அடித்தது மிகக் குறைவு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை நான் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. லென்ஸை வைத்தேன். ஆண்டுக்குக் கீழே ஏதோ எழும்பியிருந்தது. அதற்குள் ஜன்னலில் பனிமூட்டம் வந்து அடைத்துக்கொண்டது.

ட்யூப் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். நட்சத்திரம் போலத்தான் இருந்தது. சாரிடம் போனேன்.

"ட்யூப் லைட்லயா பாத்தீங்க?"

"ஆமா சார்."

"அப்ப இன்னும் பாக்கல" என்றார்.

மூட்டம் நான்கு நாள் விலகவில்லை. பேச்சியம்மாளுக்கு அந்த நான்கு நாளும் நெருப்பின் மேல் நிற்பது போலத்தான். அவர் உழுத நிலத்தின் உரிமையாளர் வத்தலக்குண்டுக்காரர், விற்கிறேன் என்று சொல்லிவிட்டார். ரிசார்ட் கட்டுகிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் முன்பணம் கொடுத்தால் பேச்சியம்மாளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். நகையை வைத்து, கூட்டுறவில் வாங்கி, எல்லாம் போக ஒரு பங்கு குறைந்தது. மூன்றாம் நாள் பூண்டியிலிருந்து மறுபடி பஸ் ஏறி வந்தார்.

"வெள்ளனே கெளம்பி வந்தேன்க்கா. இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லைன்னா வேற வழியாச்சும் பாப்பேன்."

சொல்லிவிடலாம் என்று நாக்கு வரை வந்தது. எனக்கு ஏறக்குறையத் தெரியும். ஆனால் ஏறக்குறைய என்பதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.

"வெளிச்சம் வரட்டும் பேச்சியம்மா. தப்பாச் சொன்னா ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

அவர் கடைசி பஸ்ஸுக்குப் போனார். 

ஐந்தாம் நாள் காலை வீட்டு வாசலில் வெயில் விழுந்ததைப் பார்த்தேன். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். சாரே ஜன்னலைத் திறந்து, துணியை விரித்து, காசை எடுத்து வைத்திருந்தார். உட்கார்ந்தேன். முதலில் சமதளம். கீறல் இல்லை, நூல்கோடு இல்லை, பளபளப்பு அறுபடாமல் ஓடியது. பிறகு குறி. ஐந்து முனையும் தெளிவாக இருந்தது. நேராக நிற்கவில்லை, ஒரு முனை ஆண்டின் மூன்றாவது எண்ணை நோக்கிச் சாய்ந்திருந்தது. அந்த முனையிலிருந்து விளிம்பு வரை முடியளவு மேடாக ஒரு கோடு. அச்சில் விரிசல் விழுந்தால் காசில் அப்படித்தான் மேடாக வரும். மூன்றையும் சீட்டில் எழுதினேன். மதியம் மறுபடி பார்த்து எழுதினேன். ஒரு சொல் மாறவில்லை.

அந்த வாரமே அச்சுக்குப் போன பட்டியலில் அந்த வரி அப்படியே வந்தது. வடநாட்டு நகரம் ஒன்றிலிருந்து ஒரு சேகரிப்பாளர், அங்கே உள்ள ஒரு தரகர் மூலம், நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே கேட்டு வாங்கினார். நில உரிமையாளர் பேச்சியம்மாளுக்காக மூன்று வாரம் பொறுத்துக்கொண்டார். முன்பணம் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாறு வாரம் கழித்து அந்தக் காசு திரும்பி வந்தது.

கூடவே சேகரிப்பாளரின் கடிதம். நட்சத்திரம் ஒட்டப்பட்டது, பணத்தைத் திருப்பித் தர வேண்டும், தராவிட்டால் சேகரிப்பாளர்களின் பத்திரிகையில் எங்கள் பெயரைப் போட்டு எழுதுவேன் என்றிருந்தது. சார் காசை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். குறிக்கு அடியில் நூல்கோடு ஓடியது. சந்தேகமே இல்லை, ஒட்டிய நட்சத்திரம்.

"எப்படி விட்டோம்?" என்றார். எப்படி விட்டீர்கள் என்று கேட்கவில்லை. அந்த நேரத்தில்கூட 'விட்டோம்' என்றுதான் சொன்னார். அது எனக்கு இன்னும் வலித்தது.

அவர் காசோலைப் புத்தகத்தை எடுத்தார். "பேச்சியம்மாட்ட சொல்ல வேணாம். தப்பு நம்மளோடதுன்னா நாமதான் குடுக்கணும். என் சொந்தக் கலெக்ஷன்ல கொஞ்சம் வித்தா சரியாப் போகும்."

நான் அந்தக் காசை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டிய நட்சத்திரம் என்பதைத் தாண்டி வேறு எதுவோ உறுத்தியது. சீட்டுப் பெட்டியைத் திறந்து என் சீட்டை எடுத்தேன்.

"சார், இந்த நட்சத்திரம் நேரா நிக்குது."

அவர் பேனாவை வைத்தார்.

"நான் சாஞ்சிருக்குன்னு எழுதியிருக்கேன். அச்சடிச்ச பட்டியல்லயும் அப்படித்தான் இருக்கு. இதுல அந்த விரிசல் கோடும் இல்ல. இது நாம அனுப்புன காசு இல்ல சார்."

அவர் சீட்டையும் பட்டியலையும் காசையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. ஆனா அவங்க என்ன சொல்வாங்க? நீங்க சாய்வு, விரிசல்னு எழுதுனதே கற்பனை, பட்டியலே பொய்யின்னு சொல்வாங்க. அப்படி ஒரு அச்சு இருந்ததுன்னு நாம எப்படிக் காட்டுறது?"

கேள்வி நியாயமானது. அன்று முழுவதும் அதையே நினைத்தேன். பேச்சியம்மாளின் அப்பா கண்டக்டர். புதுக்காசைத் தனியாக எடுத்து வைப்பவர். புதுக்காசு வங்கியிலிருந்து பையாக வரும். ஒரே பையில் ஒரே அச்சில் அடித்த காசுகள் பல இருக்கும். அவர் அன்றைக்கு ஒன்றோடு நிறுத்தியிருப்பாரா?

மறுநாள் முதல் பஸ்ஸில் பூண்டிக்குப் போனேன். பேச்சியம்மாள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்ல வேண்டாம் என்று சார் சொல்லியிருந்தும் சொன்னேன்; டப்பாவைக் கேட்க வேறு வழியில்லை.

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"பொய்க்காசுன்னு ஆயிருச்சுன்னா நெலத்த விட்டுருதேன்க்கா. அந்தக் காச வித்து வாங்குன மண்ணுல பூண்டு ஊன எனக்கு மனசு வராது."

"பொய்க்காசு இல்ல. நான் பாத்தேன்."

"நீங்க பாத்தது உங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

"அதுக்குத்தான் வந்தேன். டப்பாவ எடுங்க வெரசா. மூட்டம் வந்துச்சுன்னா இன்னைக்கு வேல நடக்காது."

பூண்டு காயப்போடும் களத்தில் ஒரு கறுப்புப் போர்வையை விரித்து டப்பாவைக் கொட்டினோம். பெரும்பாலும் அண்ணன் புளி போட்டுத் தேய்த்த காசுகள். விற்கப்போனால் யாரும் சீந்தமாட்டார்கள். அந்த ஆண்டு ஐம்பது காசு நான்கு இருந்தன. முதல் மூன்றில் குறியே இல்லை, கொல்கத்தா. நான்காவதை எடுத்தேன். ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டுக் கையை மடியில் தேய்த்துக்கொண்டேன்.

பளபளப்பு போயிருந்தது. ஆனால் புளி எழும்பிய இடத்தைக் கரைத்துவிடுமா? நட்சத்திரம் இருந்தது. மூன்றாவது எண்ணை நோக்கிச் சாய்ந்திருந்தது. அதே முனையிலிருந்து விளிம்பு வரை அதே முடியளவு கோடு.

பேச்சியம்மாளின் கையில் லென்ஸைக் கொடுத்தேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"சாஞ்சுதான் கெடக்கு" என்றார்.

அன்று மதியம் அந்தக் காசை சாரின் மேசையில் வைத்தேன்.  அவர் காலைக்கு ஒரு முறை, மதியத்துக்கு ஒரு முறை என்ற விதியை விட்டுக்கொடுக்காமல் மறுநாள் காலையிலும் பார்த்த பிறகுதான் கடிதம் எழுத உட்கார்ந்தார். குற்றம் சாட்டுகிற ஒரு சொல்லும் அதில் இல்லை. நீங்கள் அனுப்பியிருப்பது நாங்கள் அனுப்பிய காசு அல்ல. எங்கள் காசின் விவரம் விற்பனைக்கு முன்பே அச்சாகி உங்கள் கையில் இருக்கிறது. அதே அச்சில் அடித்த இன்னொரு காசு எங்களிடம் இருக்கிறது. நீங்கள் நம்பும் யாரை வேண்டுமானாலும் அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம். இவ்வளவுதான்.

தட்டச்சு செய்து கொண்டுபோய் வைத்தேன். எல்லாக் கடிதத்துக்கும் அவர்தான் கையெழுத்துப் போடுவார். அதை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க போடுங்க. பாத்தது நீங்க."

மூன்று வாரம் பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரத்தில் நான் எதையாவது சாக்காக வைத்து வாசலுக்குப் போய்விடுவேன். ஒருநாள் வேலைக்குப் போனபோது என் மேசையில் ஒரு உறை கிடந்தது. என் பெயருக்கு வந்திருந்தது. அந்த வீட்டுக்கு வரும் தபாலையெல்லாம் தானே பிரிக்கும் சார், அதைப் பிரிக்காமல் வைத்திருந்தார்.

சேகரிப்பாளர் எழுதியிருந்தார். நாங்கள் அனுப்பிய அசல் காசு அவர் கைக்கு வரவே இல்லை. தரகர் வழியிலேயே மாற்றியிருக்கிறார். என் கடிதத்தையும் பட்டியலின் வரியையும் முன்னால் வைத்துக் கேட்டதும் அவர் அசலை எடுத்துக் கொடுத்துவிட்டார். இப்போது நட்சத்திரம் சாய்ந்திருக்கிறது, கோடும் இருக்கிறது, மன்னிக்க வேண்டும், ஒட்டிய காசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தார்.

சாரிடம் நீட்டினேன். படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு ஒட்டிய காசை எடுத்து வைத்து, "இதுக்கும் ஒரு சீட்டு எழுதிருங்க" என்றார். எழுதினேன். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, அடிக்காமல், பெட்டியில் போட்டார்.

அதன்பின் இன்னும் பல வருடம் அங்கே வேலை செய்தேன். ஆயிரக்கணக்கான சீட்டு எழுதினேன். அவற்றில் எட்டு தவறு என்று பின்னால் தெரியவந்தது. எட்டையும் அடுத்தடுத்த பட்டியல்களில் திருத்தி அச்சிட்டோம். கைப்பேசி குறியைச் சரியாகவே சொல்கிறது. அதை நான் குறைசொல்லவில்லை. நட்சத்திரம் என்று அது சொன்ன பிறகு, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நீங்கள் குனிந்து பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் இந்தக் கட்டுரையில் நான் கொடுக்கும் பாடம்.

அந்த ஐப்பசிக்கு அடுத்த தை மாதத்தில் பேச்சியம்மாளின் நிலத்துக்குப் பத்திரப் பதிவு நடந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே என்றேன். "அவுக இருக்காக. நீங்கதான் போடணும்" என்றார். கொடைக்கானல் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் பத்திரம் எழுதுகிறவரிடம் உட்கார்ந்தோம். என் பெயர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார், முகவரி கேட்டார்.

"தொழில்?"

அதுவரை ரேஷன் கார்டிலும் வங்கியிலும் தட்டச்சர் என்றுதான் கொடுத்து வந்தேன். கேட்கிறவர்களுக்கு விளக்க முடியாது என்பதால் அது சுலபமாக இருந்தது.

"காசுகளைப் பாத்து எழுதுறது" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படி ஒரு தொழில் இருக்காம்மா?"

"இருக்குய்யா, எழுதுங்க" என்றார் பேச்சியம்மாள்.

'நாணயப் பரிசோதகர்' என்று அவர் எழுதினார். அது அவராகக் கொடுத்த பெயர். நான் ஒருமுறை படித்துப் பார்த்தேன். திருத்த வேண்டியது ஒன்றும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.